லெனாட் அளந்த தண்ணீர்

லெனாட் அண்ணையின் முகத்தைப் பார்ப்பதற்கு எட்டு ஒன்பது மாதங்களுக்கு முன்பே அவருடைய கையெழுத்து எனக்குப் பழகிவிட்டது. திருகோணமலையில் நின்ற ஆய்வுக் கப்பலில் இருந்து தடித்த மட்டை போட்ட பதிவுக் கொப்பிகள் எங்கள் அலுவலகத்துக்கு வரும். ஈரத்தில் ஊறிக் காய்ந்த தாள்கள், திறந்தால் எஞ்சின் எண்ணெய் மணக்கும். இலக்கங்களைச் சதுரம் சதுரமாக, ஒன்றில் ஒன்று முட்டாமல் எழுதியிருப்பார். ஓரத்துக் குறிப்புகள் மட்டும் தமிழில், சரிந்து, அவசரமாக இருக்கும். அந்த இலக்கங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.

என் பெயர் தனுசியா. நெல்லியடியில் வீடு. கணிதத்தில் பட்டம் எடுத்து இரண்டு வருடம் சும்மா இருந்த பிறகு, 2022 மே மாதம் கொக்குவிலில் ஒரு மாடி வீட்டில் இயங்கிய கடல் ஆய்வுத் திட்டத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. நாட்டில் டீசல் இல்லை, மருந்து இல்லை, பஸ் வந்தால்தான் வேலைக்குப் போகலாம். அந்தக் காலத்தில் எனக்கு ஒரு மேசையும் கதிரையும் கிடைத்ததே பெரிய காரியமாக இருந்தது. அந்தக் கதிரை போய்விடும் என்ற பயம் பிறகு நடந்த எல்லாவற்றிலும் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. நாங்கள் எரிக்கிற எண்ணெயிலும் நிலக்கரியிலும் இருந்து காற்றுக்குப் போகும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழக் கால்பங்கைக் கடல் இழுத்துக்கொள்கிறது. எந்தக் கடல், எந்த மாதத்தில், எவ்வளவு இழுக்கிறது என்று உலகத்தின் பெரிய கணினிகள் கணக்குப் போட்டுச் சொல்கின்றன. அந்தக் கணக்குகளுக்குக் காலநிலை மாதிரிகள் என்று பெயர். அவை சொல்வது சரியா பிழையா என்று பார்க்க, யாராவது கடலுக்குப் போய்த் தண்ணீரை அளக்கத்தான் வேண்டும். எங்கள் கப்பல் திருகோணமலையில் இருந்து வடக்கே, பருத்தித்துறைக்கு நேர் கிழக்கு வரை போய்த் திரும்பும். கப்பலின் அடியில் ஒரு குழாய் கடல் தண்ணீரை இழுத்து, மூடிய கலத்துக்குள் தூவும். கலத்துக்குள் நிற்கும் காற்றில் பத்து லட்சத்துக்கு எத்தனை பங்கு காபனீரொட்சைட்டு சேர்கிறது என்று ஒரு கருவி காட்டும். கருவியோடு வந்த பதிவுக் கணினி அந்த வருடம் பழுதாகி, மாற்றுவதற்கு வழியில்லாமல் போயிற்று. அதனால் கால் மணித்தியாலத்துக்கு ஒருதரம் திரையைப் பார்த்து இலக்கத்தைக் கையால் எழுதினார் லெனாட். அதே நாளுக்கும் அதே இடத்துக்கும் எட்டு மாதிரிகள் சொன்ன இலக்கங்களை எடுத்து, லெனாட் எழுதியதோடு ஒரே வரைபில் போடுவேன் நான்.

மாதிரிகள் கடலைப் பெரிய பெரிய சதுரங்களாக வெட்டி வைத்திருக்கும். ஒரு பக்கம் நூறு கிலோமீற்றர். சிலவற்றில் யாழ்ப்பாணக் குடாநாடே கிடையாது, கடல் என்றுதான் இருக்கும். வேலைக்குப் போன முதல் கிழமை அதைப் பார்த்துச் சிரித்தேன். என் வீடு, அலுவலகம், குருநகரில் லெனாட்டின் வீடு எல்லாம் தண்ணீருக்குள்.

லெனாட் 1981இல் குருநகரில் பிறந்தவர். சூசைப்பிள்ளை என்ற மீன்பிடித் தொழிலாளியின் மூன்றாவது பிள்ளை. பதினான்கு வயதில், போரால் யாழ்ப்பாணமே காலியான தொண்ணூற்றைந்து இடப்பெயர்வின்போது, தகப்பனோடும் தாயோடும் சாவகச்சேரிக்கு நடந்து போனார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் தகப்பன் வயிற்றோட்டத்தால் இறந்துபோனார். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, வள்ளமும் இல்லை. அண்ணன்மார் கடலுக்குப் போனார்கள். இவர் குளிரூட்டி திருத்தப் படித்தார். பத்து வருடத்துக்கு மேல் ஐஸ் கட்டி செய்யும் பக்டரிகளில் வேலை. ஒருதரம் அமோனியாக் குழாய் வெடித்து இடது கையில் இரண்டு நகங்கள் முளைக்காமலே போய்விட்டன. 2015இல் ஆய்வுக் கப்பலின் குளிர் அறையைப் பார்க்கிற ஆளாகச் சேர்ந்தார்.

கருவி வந்தபோது அதைப் பூட்ட வந்த வெளிநாட்டு எஞ்சினியர் இரண்டு நாள் நின்றுவிட்டுப் போய்விட்டார். மிஞ்சியது நூற்றுநாற்பது பக்க ஆங்கிலப் புத்தகம் ஒன்று. லெனாட் அதை லீவில் வீட்டுக்குக் கொண்டுபோய், மகள் ஜெசிதாவின் அகராதியை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்தாராம். இதை அவருடைய மனைவி பெர்னடெட் அக்கா எனக்குச் சொன்னது மிகவும் பிந்தித்தான்.

2022இல் டீசல் இல்லாமல் கப்பல் மாதக்கணக்கில் துறைமுகத்தில் கிடந்தது. அதுவரை என் மேசைக்கு வந்தவை வருடத் தொடக்கத்துப் பயணங்களின் கொப்பிகள். டிசம்பர் நடுவில்தான் ஒரு பயணம் போக முடிந்தது. ஜனவரியில் கொப்பி வந்தது. நான் ஏற்றினேன். வரைபைப் போட்டுப் பார்த்தபோது ஏதோ தவறுதலாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்தேன். டிசம்பர் பதினேழு காலை வரை லெனாட்டின் இலக்கங்களும் மாதிரிகளும் ஒன்றாகவே போகின்றன: முந்நூற்றுத் தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு. பருத்தித்துறைக்குக் கிழக்கே நாற்பது கடல்மைல் தூரத்தில் லெனாட்டின் கோடு திடீரென்று விழுகிறது. முந்நூற்று எழுபது, முந்நூற்று ஐம்பது, கடைசியில் முந்நூற்று முப்பத்தெட்டு. இரண்டரை நாள் அப்படியே கிடந்துவிட்டு, கப்பல் தெற்கே திரும்பியதும் பழைய இடத்துக்கு ஏறிவிடுகிறது. எட்டு மாதிரிகளில் ஒன்றிலும் அந்தப் பள்ளம் இல்லை. எட்டும் மேசை போலத் தட்டையாகப் போகின்றன.

எங்கள் பொறுப்பாளர் கலாநிதி செல்வநாயகம். அவரிடம் வரைபைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்தாளை வரச்சொல்லுங்கோ" என்றார்.

பெப்ரவரியில் லெனாட் வந்தார். திருகோணமலையில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர், அழுத்திய வெள்ளைச் சேட்டில் ஒரு சுருக்கமும் விழாமல் நின்றார். ஒல்லி, கறுப்பு, நரை விழத் தொடங்கிய மீசை. என்னைப் பார்த்து, "நீங்களோ என்ரை கொப்பியைப் பாக்கிற தங்கச்சி? என்ரை ஏழும் ஒண்டும் விளங்குதோ?" என்று கேட்டார். விளங்குது என்றேன். சந்தோசப்பட்டார்.

அறைக்குள் நாலு பேர். செல்வநாயகம் சேர், நிர்வாக அலுவலர், லெனாட், நான். சேர் வரைபை மேசையில் விரித்தார்.

"லெனாட், எட்டு மாதிரியும் ஒரே கதையைச் சொல்லுது. உங்கடை மெசின் மட்டும் வேறை சொல்லுது. ஏன்?"

"மெசின் பிழையெண்டால் திரும்பி வரேக்கையும் பிழையாத்தானே சேர் இருக்கவேணும்? அந்தத் தண்ணியை விட்டு வெளியாலை வந்த உடனை பழையபடி தொண்ணூறுக்கு வந்திட்டுதே."

"எங்கையாவது காத்துக் கசிஞ்சிருக்கும்."

லெனாட் கொஞ்சம் யோசித்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "காத்துக் கசிஞ்சால் இலக்கம் காத்தின்ரை பக்கம்தான் போகும் சேர். காத்து நானூற்றிப் பதினேழு. அப்ப ஏறவேணும். இது இறங்கியெல்லோ இருக்கு."

அவர் சொன்னது சரி. எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. சேருக்கும் விளங்கியிருக்க வேண்டும், அவருடைய பேனை வரைபின் மேல் அசையாமல் நின்றது. நான் வாயைத் திறந்திருக்கலாம். மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

சேர் அடுத்ததுக்குப் போனார். கருவியைச் சரிபார்ப்பதற்கு அளவு தெரிந்த வாயு அடைத்த சிலிண்டர் மூன்று வேண்டும். ஒன்று குறைந்த அளவு, ஒன்று நடு அளவு, ஒன்று கூடிய அளவு. அந்த வருடம் சிலிண்டர் இறக்குமதி செய்ய முடியவில்லை. டிசம்பரில் கப்பலில் மிஞ்சியிருந்தது நடுச் சிலிண்டர் மட்டும்.

"ஒண்டை வைச்சு எப்பிடி நம்பிறது?"

"மிச்சம் ரெண்டையும் கேட்டு மூண்டு கடிதம் போட்டனான் சேர்."

"கடிதம் போட்டது சரி. சிலிண்டர் இருந்ததோ?"

"இல்லை சேர்."

விதிப்படி நியாயம் சேரின் பக்கம்தான். அவரைக் கெட்ட மனிசன் என்று நான் எழுதினால் அது பொய். மூன்று சிலிண்டர் இல்லாமல் எடுத்த இலக்கத்தை வெளியே அனுப்பினால் உலகம் சிரிக்கும் என்று உண்மையாகவே பயந்தார். உப்பின் அளவும் அந்த இடத்தில் குறைந்துதான் இருந்தது. அதற்கும் குழாய்க்குள் குமிழி போயிருக்கும் என்று ஒரு காரணம் வைத்திருந்தார்.

"குமிழி இல்லை சேர். வாளியாலை அள்ளி நாக்கிலை வைச்சுப் பாத்தனான். உப்புக் குறைவுதான். தண்ணியின்ரை நிறமும் வேறை."

"நாக்கை வைச்சுக் கட்டுரை எழுதேலாது லெனாட்."

நிர்வாக அலுவலர் சிரித்தார். லெனாட்டும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், சரிவரவில்லை.

பிறகுதான் சேர் கொப்பியைத் திறந்தார். பதினெட்டாம் திகதி காலை ஆறு மணியில் இருந்து நண்பகல் வரை ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருபத்துநாலு வரிகள்.

"இது?"

"பேந்து இருந்து எழுதினது சேர்."

நிர்வாக அலுவலரின் பேனை அப்போதுதான் முதல்முறையாக ஓடத் தொடங்கியது.

"தண்ணிக் குழாயின்ரை வடிகட்டி அரை மணிக்கு ஒருக்கா அடைச்சுக்கொண்டே இருந்தது. கழுவிக் கழுவிப் பூட்டினன். மெசின் கீழை, கொப்பி மேலை, முந்தினதுகள் மாதிரி ஈரம் படக்கூடாதெண்டு. ஏறி இறங்கேலாமல் போச்சு. இலக்கத்தைக் கையிலை பேனையாலை எழுதிவைச்சு, மத்தியானம் மேலை போய்க் கொப்பியிலை ஏத்தினன்." முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை தடவிக் காட்டினார். "எழுதினது பிறகு சேர். பாத்தது அப்பவே."

"வடிகட்டி அடைச்சுதெண்டால் தண்ணி ஓட்டமும் குறைஞ்சிருக்கு. அப்ப அளவும் பிழைதானே."

தான் சொன்ன உண்மை ஒவ்வொன்றும் தனக்கே எதிராகத் திரும்புவதைக் கண்டுகொண்ட மனிதன் அதற்கு மேல் என்ன சொல்வான்?

எங்கள் தொழிலில் ஒவ்வோர் அளவீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தர இலக்கம் போட வேண்டும். இரண்டு என்றால் நல்லது. மூன்று சந்தேகம். நாலு பிழை. நாலு போட்டது உலகத்துக்கான பொதுத் தரவுத்தளத்தில் கிடந்தாலும் ஒருவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அன்று பின்னேரம் சேர் என் மேசைக்கு வந்து, "இரண்டரை நாளுக்கும் நாலு போடுங்கோ" என்றார்.

"மூண்டு போட்டால் காணாதோ சேர்?"

"கையாலை பிறகு எழுதினது எண்டு ஆளே சொல்லிப்போட்டுது. நாலு."

இருநூற்று முப்பத்தொன்பது அளவீடுகள். ஒரே கட்டளைதான், மூன்று விநாடி எடுத்தது. நான்தான் போட்டேன்.

லெனாட்டின் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. சேவைக் கடிதத்தில், "பேணப்பட்ட பதிவுகள் நம்பத்தகுந்தவையாகக் காணப்படவில்லை" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். கொழும்பில் சரக்குக் கப்பல்களுக்கு ஆள் எடுக்கும் முகவர்கள் இரண்டு பேரிடம் போனாராம். இரண்டு பேரும் அந்த வரியில் விரலை வைத்துக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்களாம். குளிரூட்டி தெரிந்தவருக்கு ஐஸ் பக்டரி வேலை எப்போதும் இருக்கும். பருத்தித்துறைப் பக்கத்தில் ஒன்றில் சேர்ந்தார். குருநகரில் இருந்து தினமும் பஸ்.

அந்த பஸ்ஸில்தான் 2024 ஆனியில் அவரை இன்னொருமுறை கண்டேன். யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறைக்குப் போகும் பஸ், விடியப்புறம், நிற்க இடமில்லை. நான் முதல்நாள் கொக்குவிலில் சிநேகிதி வீட்டில் நின்றுவிட்டு நெல்லியடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கம்பியைப் பிடித்த, இரண்டு நகமில்லாத கையைக் கண்டுதான் ஆளை அடையாளம் பிடித்தேன். மெலிந்திருந்தார்.

"தங்கச்சி, சுகமோ?"

"ஓம் அண்ணை."

புத்தூர் தாண்டும்வரை சனம் ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு சத்தத்தைக் குறைத்துக் கேட்டார்: "அந்த இலக்கங்கள் போச்சோ?"

"இல்லை அண்ணை. இன்னும் பாக்கினம்."

பொய். ஒருவரும் பார்க்கவில்லை. ஒன்றரை வருடமாக அந்தக் கோப்பை ஒருவரும் திறக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் அவருடைய முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு, திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நெல்லியடியில் இறங்கும்போது, "ஆறுதலாப் பாக்கட்டும், அவசரமில்லை எண்டு சேரிட்டைச் சொல்லுங்கோ" என்றார்.

அந்த வருடம் நவம்பர் கடைசியில் தாழமுக்கம் வந்தது. நாலு நாள் விடாத மழை. வடமராட்சி முழுக்க வெள்ளம். ஐஸ் பக்டரிக்குள் இடுப்பளவு தண்ணீர். மோட்டர்களைக் கழற்றி மேலே ஏற்ற வேண்டும் என்று லெனாட்டும் இன்னும் இரண்டு பேரும் இரண்டு நாள் அந்தத் தண்ணீருக்குள் நின்றார்கள். எலிகள் சுவரோரத்தில் நீந்தித் திரிந்தனவாம். ஒரு கிழமைக்குள் காய்ச்சல் பிடித்தது. கெண்டைக்கால் இரண்டும் பிய்ந்து போவதுபோல் வலி. தண்ணீருக்குள் நின்ற அலுப்பு என்று பனடோல் போட்டார். மூன்றாம் நாள் கண் சிவந்தது, ஐந்தாம் நாள் மஞ்சளானது. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகும்போது சிறுநீர் போவது நின்றிருந்தது. எலிக்காய்ச்சல். அந்த டிசம்பரில் இந்தப் பக்கத்தில் பலரைக் கொண்டுபோனது. லெனாட் அண்ணை சேர்த்த நாலாம் நாள் இறந்தார். நாற்பத்துமூன்று வயது.

முகநூலில் யாரோ போட்ட மரண அறிவித்தலில் படத்தைக் கண்டுதான் எனக்குத் தெரியவந்தது. குருநகருக்குப் போனேன். கோயில் வாசலில் குடைகளுக்குப் பின்னால் நின்றேன். பெட்டியைத் தூக்கும்போது ஒரு பெண் சத்தமே வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். அவர்தான் பெர்னடெட் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். கிட்டப் போகவில்லை. போய் என்ன சொல்வது? உங்கடை மனிசன்ரை இலக்கங்களுக்கு நாலு போட்டவள் நான்தான் என்றா?

அடுத்த மார்ச்சில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வடக்கு ஐரோப்பாவில் ஏதோ ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் பெண். வங்காள விரிகுடாவில் ஓடும் ஒரு கொள்கலன் கப்பலில் அவர்களும் இதே போன்ற கருவி ஒன்றைப் பூட்டியிருந்தார்களாம். அவர்களுடைய அளவீடுகள் இரண்டு வருடத்துக்கு மேல் பூட்டி வைத்திருந்து அப்போதுதான் வெளிவந்திருந்தன. 2022 டிசம்பர் இருபத்தோராம் திகதி அந்தக் கப்பல் எங்கள் கப்பல் போன இடத்துக்குக் கிழக்கால் கடந்திருக்கிறது. முந்நூற்று நாற்பத்தொன்று, முந்நூற்று முப்பத்தாறு என்று அவர்களுக்கும் விழுந்திருக்கிறது. மூன்று சிலிண்டர்களோடும் எடுத்த அளவு. உப்பும் வழமையைவிடக் குறைந்து இருபத்தொன்பது. வடக்கே பெரிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டுகிற நல்ல தண்ணீர், மாரியில் கரையோரமாகத் தெற்கே நாக்குப் போல நீண்டு வருகிறது. அதில் பாசி பெருகிக் காபனீரொட்சைட்டைத் தின்றுவிடுகிறது. அந்த நாக்கு ஒரு சதுரத்துக்குள் அடங்கிவிடுகிற அளவுதான். அதனால்தான் மாதிரிகளுக்கு அது தெரியவில்லை. "உங்கள் டிசம்பர் அளவீடுகளை ஏன் பிழை என்று குறித்திருக்கிறீர்கள்? அவை மிகவும் அருமையானவை" என்று அந்தப் பெண் கேட்டிருந்தார்.

நான் எழுந்து போய்க் களஞ்சிய அறையில் பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். பதினெட்டாம் திகதிப் பக்கம். ஓரத்தில் தமிழில் ஒரு குறிப்பு. நான் முன்பும் வாசித்ததுதான். "வடிகட்டியில் பச்சைச் சளி. கை நிறைய. கழுவக் கழுவ வருது. மீன் நாத்தம் இல்லை, புல்லு மணம்." பாசி. வடிகட்டியை அடைத்ததும் பாசிதான், அவரைக் கொப்பிக்கு ஏறவிடாமல் கீழே மறித்து வைத்ததும் பாசிதான், இலக்கத்தை விழுத்தியதும் பாசிதான். நான் ஏற்றிய கணினிப் படிவத்தில் குறிப்புகளுக்கு இடம் இருக்கவில்லை. அதனால் இலக்கங்களை மட்டும் ஏற்றினேன். சேர் கடைசிவரை பார்த்தது நான் ஏற்றிய இலக்கங்களையும், அந்த ஆறு மணித்தியாலத்தின் மையையும்தான்.

சேருக்குச் சந்தோசம். "இது நல்ல கட்டுரையா வரும் தனுசியா" என்றார்.

"லெனாட் அண்ணையின்ரை பேரைப் போடுவம் சேர். எழுதின ஆக்களோடை."

"நன்றி சொல்லுற இடத்திலை கப்பல் பணியாளர்கள் எண்டு போடுவம்."

"அவற்றை சேவைக் கடிதம்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ரயில் பாதையில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். "அது நிர்வாகம் குடுத்தது. ஆளும் இப்ப இல்லை. கிளறினால் எல்லாருக்கும் கரைச்சல்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "எனக்கும் கவலைதான் பிள்ளை" என்றார். கவலை உண்மையாக இருக்கலாம். அந்த வரியைத் திருத்தும் கடிதம் ஒன்றில் கையெழுத்து அவர் போடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குருநகருக்குப் போனேன். பெர்னடெட் அக்காவின் வீட்டில் ஜெசிதா உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு இருந்தாள். நான் யார் என்று சொன்னேன். நாலு போட்டது, குறிப்பை விட்டது, பஸ்ஸில் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் வெளிநாட்டுக் கப்பல் கதையையும் சொன்னேன்.

"அவர் பொய் எழுதேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "உங்களுக்குத்தான் தெரியேல்லை."

ஜெசிதா புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பஸ்ஸிலை உங்களைக் கண்டனெண்டு வந்து சொன்னவர். அண்டைக்குப் பின்னேரம் நல்ல சந்தோசம். கப்பலுக்குத் திருப்பிக் கூப்பிடுவினம் எண்டு உடுப்புப் பெட்டியைக் கூடத் தட்டி வைச்சவர்." அக்கா அதைக் கோபமில்லாமல் சொன்னார். "ஆறு மாசம் பாத்துக்கொண்டிருந்தவர்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. தண்ணீர் கொண்டுவந்து தந்தார். பிறகு ஒன்று கேட்டார். சேவைக் கடிதத்தில் உள்ள அந்த வரி பொய் என்று ஒரு கடிதம். மகள் நாளைக்கு எங்கேயாவது வேலைக்குப் போகும்போது, உன் தகப்பன் கள்ளக் கணக்கு எழுதியவன் என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

அலுவலகக் கடிதத்தாளில் எனக்கு எழுத முடியாது. சேரிடம் இரண்டாம் முறையும் கேட்டேன், மறுத்தார். மே மாத முடிவோடு வேலையை விட்டேன். துணிச்சல் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். நெல்லியடியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கணிதம் படிப்பிக்க இடம் கிடைத்த பிறகுதான் விட்டேன். கட்டுரை அந்த ஆவணியில் வெளிவந்தது. கடைசிப் பக்கத்தில் கப்பல் பணியாளர்களுக்கு நன்றி இருக்கிறது. கருவியைப் பார்க்க ஆள் இல்லாமல் கப்பல் இன்னும் திருகோணமலையில்தான் நிற்கிறதாம். போன டிசம்பரில் அந்தத் தண்ணீர் மறுபடி வந்து போயிருக்கும். எங்கள் பக்கத்தில் இருந்து ஒருவரும் அளக்கவில்லை.

கடிதத்தை வீட்டில் இருந்து கையால் எழுதினேன். என்ன நடந்தது, எத்தனை அளவீடுகள், யார் பிழை விட்டது, மற்றக் கப்பல் என்ன கண்டது என்று இரண்டு பக்கம். வரைபையும் சேர்த்து வைத்தேன். புரட்டாதியில் கொண்டுபோனேன். பெர்னடெட் அக்கா நண்டு பதப்படுத்தும் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பின்னேரம் இரண்டு மணிக்குத் தொடங்கும் முறை வேலை, அதற்காக வெளிக்கிட்டுக்கொண்டு நின்றார். விரல் நுனிகளெல்லாம் சின்னச் சின்ன வெட்டுக்கள்.

வாசலில் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் மெதுவாக வாசித்தார்.

"முத்திரை இல்லையோ?"

"இல்லை அக்கா."

"அப்ப இது உங்கடை கடிதம்."

"ஓம்."

"லெனாட் எண்டு மட்டும் எழுதியிருக்கிறியள். முழுப்பேர் போடுங்கோ. சூசைப்பிள்ளை லெனாட்."

சுவரில் தாளை வைத்து இரண்டு இடத்திலும் திருத்தினேன். வாங்கி இன்னொருதரம் பார்த்தார். "இதை அப்பவே ஒருக்கா எழுதியிருக்கலாம்" என்றார். கடிதத்தை உள்ளே மகளிடம் கொடுத்துவிட்டு வந்து, தலையைத் துணியால் இறுக்கிக் கட்டினார். ஒழுங்கை முகப்பில் கொம்பனி வானின் ஹோர்ன் கேட்டது.

"நான் போறன். போகேக்கை கேற்றைச் சாத்திப்போட்டுப் போங்கோ, நாய் வரும்" என்று சொல்லிவிட்டு வெயிலுக்குள் இறங்கி நடந்தார்.